பேனாக்கத்திக்குக் கயிறு பின்னுவது: எந்தப் பின்னல், எவ்வளவு நீளம்?

கருவேலன்

பேனாக்கத்தி வாங்கியவர்கள் பலர் அடுத்த வாரமே 550 பாராகார்டு (250 கிலோ தாங்கும் நைலான் பாராசூட் கயிறு) வாங்கி, கோப்ரா பின்னலில் (நடுக்கயிற்றைச் சுற்றி அரைமுடிச்சுகளை அடுக்கிப் போடுவது) கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு வாலைப் பின்னித் தொங்கவிடுகிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பேன்ட் பையில் போட்டால் கத்தியைவிடக் கயிறுதான் அதிக இடம் பிடிக்கிறது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பையில் போகிற சின்ன மடக்குக் கத்திக்கு 2 மில்லிமீட்டர் கயிறு, நாலு புரி உருண்டைப் பின்னல், ஒரு விரல் நீளம், முனையில் கெட்டியாக ஒரு முடிச்சு. இவ்வளவுதான் தேவை.

கத்திக்குக் கயிறு எதற்கு என்று யோசித்தால் இது விளங்கும். ஒன்று, பையின் அடியில் குறுக்காகக் கிடக்கும் கத்தியை இரண்டு விரலால் பிடித்து இழுக்க. இரண்டு, புல்லிலோ சருகிலோ விழுந்தால் கண்ணுக்குத் தெரிய. மூன்று, கைப்பிடி சின்னதாக இருக்கும்போது சுண்டுவிரலுக்குப் பிடிமானம் கிடைக்க. இந்த மூன்றில் எதற்கும் 250 கிலோ தாங்கும் கயிறு வேண்டாம். விக்டோரினாக்ஸ் 91 மில்லிமீட்டர் கத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பிடித்து முழு பலத்தோடு இழுத்தால் கயிறு அறுவதற்கு வெகு முன்னாலேயே அந்தச் சாவி வளையம் விரிந்துவிடும்.

நான் பின்னுகிற முறை இது. இரண்டு நிறத்தில் நிறத்துக்கு அரை மீட்டர் கயிறு. இரண்டையும் வளையத்தில் நுழைத்து நடுவில் மடித்தால் நாலு புரி, ஒவ்வொன்றும் 25 செ.மீ. கத்தி மூடியிருக்க வேண்டும். பரீட்சை அட்டையின் கிளிப்பில் வளையத்தைக் கவ்வவைத்தால் இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும்.

இடது பக்கம் இரண்டு புரி, வலது பக்கம் இரண்டு புரி. வலது ஓரத்தில் இருப்பதை எடுத்து, நடுவில் இருக்கும் இரண்டுக்கும் பின்னால் கொண்டுபோய், இடது பக்கத்து இரண்டு புரிகளுக்கும் இடையில் முன்னால் எடுத்து, பக்கத்தில் இருப்பதன் மேலாகத் திரும்ப வலப்பக்கமே கொண்டுவர வேண்டும். இப்போது அது வலது பக்கத்தின் உள்புரி. அடுத்து இடது ஓரம்: அதே மாதிரி பின்னால் போய், வலது இரண்டுக்கும் இடையில் வெளியே வந்து, ஒன்றின் மேலாகத் தன் பக்கத்துக்கே திரும்பும். இதையே மாறி மாறிச் செய்வதுதான் முழுப் பின்னலும். புரிகள் எப்போதும் தன் பக்கத்துக்கே திரும்பும் என்பதை மனதில் வைத்தால் வழி தவறாது.

நிறம் பற்றி ஒன்று. ஒரே நிறப் புரிகள் இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்துத் தொடங்கினால் நீளவாக்கில் நேர்கோடுகள் வரும். பக்கத்துக்கு ஒன்றாகப் பிரித்து வைத்தால் நிறங்கள் சுருள் சுருளாகச் சுற்றிப் போகும். முறை மாறவில்லை, வைத்த இடம்தான் மாறியது. எனக்கு நேர்கோடுதான் பிடிக்கும். எங்காவது ஒரு புரி தவறிப் போனால் அதில் உடனே தெரியும்.

ஒவ்வொரு முறையும் இரண்டு கையாலும் பக்கவாட்டில் ஒரே அளவு இழுக்க வேண்டும். 7 செ.மீ. பின்னலுக்கு ஒவ்வொரு புரியிலும் சுமார் 10 செ.மீ. செலவாகும். மிச்சம் முனை முடிச்சுக்கும், கையில் பிடித்து இழுப்பதற்கும்.

நீலக்கயிறு

கருவேலன், முறையை அருமையாக விளக்கியிருக்கிறீர்கள். ஆனால் பாராகார்டை இப்படி ஒதுக்குவது எனக்கு உடன்பாடில்லை.

அந்தக் கயிறு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். நைலானை டூபாண்ட் ஆய்வகத்தில் வாலஸ் கரோதர்ஸ் குழு 1935-ல் உருவாக்கியது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் பட்டு கிடைக்காமல் போனபோது பாராசூட் துணியும் அதன் கயிறும் நைலானுக்கு மாறின. பாராசூட்டிலிருந்து வீரனைத் தாங்கித் தொங்கிய கயிறுதான் பாராகார்டு. தரை இறங்கிய வீரர்கள் அதை அறுத்து எடுத்து எல்லாவற்றுக்கும் பயன்படுத்தினார்கள். 1997-ல் ஹபிள் தொலைநோக்கியைப் பழுதுபார்க்கப் போன விண்வெளி வீரர்கள், அதன் கிழிந்த வெப்பக் காப்புறையைக் கட்டி நிறுத்தவும் பாராசூட் கயிற்றைத்தான் எடுத்தார்கள்.

டைப் 3 எனப்படும் 550-ல் மேலே ஒரு பின்னல் உறை, உள்ளே 7 முதல் 9 இழை. சுமார் 4 மி.மீ. தடிமன், 550 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 250 கிலோ தாங்கும். கோப்ரா பின்னலில் ஒரு அங்குலத்துக்கு ஒரு அடி கயிறு அடங்கும், அதாவது பன்னிரண்டு மடங்கு. 8 செ.மீ. வாலைப் பிரித்தால் கையில் ஏறக்குறைய ஒரு மீட்டர் கயிறு இருக்கும். உள் இழைகளை உருவினால் தைக்க நூல், தூண்டில் கட்ட நூல். காட்டுக்குப் போகிறவனுக்கு இது சும்மா அலங்காரம் இல்லை. உங்கள் நாலு புரிப் பின்னலைப் பிரித்தால் என்ன கிடைக்கும்? இரண்டு அரை மீட்டர் துண்டு.

கருவேலன்

கயிறு தேவைப்படும் என்று தெரிந்து காட்டுக்குப் போகிறவர் பையில் பத்து மீட்டர் கயிற்றைச் சுருட்டி வைத்துக்கொள்ளலாம். அதன் எடை ஒன்றுமே இல்லை. கோப்ரா பின்னலின் முனைகளைத் தீயில் உருக்கி ஒட்டியிருப்போம். அவசரத்தில் அதை அறுத்து, ஒவ்வொரு முடிச்சாகப் பிரித்து ஒரு மீட்டர் எடுப்பது சுலபமான காரியம் இல்லை. அந்த ஒரு மீட்டருக்காக தினமும் அந்தப் பருமனைப் பையில் சுமக்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

தடியான உறையுள்ள கத்திக்கு, கையுறை போட்டுக்கொண்டு வேலை செய்கிறவருக்கு, கோப்ரா சரி. அதில் எனக்கு மறுப்பு இல்லை.

சிறுமலை

நல்ல நேரத்தில் தொடங்கியிருக்கிறீர்கள் அண்ணா. எனக்கு இரண்டு சந்தேகம்.

என்னிடம் ஓபினெல் 8-ம் எண் இருக்கிறது, மரப்பிடி. அதில் கயிறு கோர்க்கத் துளையே இல்லை. துளை போடலாமா, பிடி பிளந்துவிடுமா? இன்னொரு கத்தியில் துளை இருக்கிறது, ஆனால் 3 மி.மீ.தான். வாங்கி வைத்திருக்கும் பாராகார்டு அதில் நுழையவே மாட்டேன் என்கிறது.

கப்பலோசை

தம்பி சிறுமலை, இரண்டுக்கும் வழி உண்டு. சரக்குக் கப்பலில் பல வருடம் டெக்கில் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், கத்தியும் கயிறும் எங்களுக்கு ஒன்றைவிட்டு ஒன்று இல்லை.

ஓபினெல் பிடி பீச் மரம். அலகு மடங்கி உட்காரும் பிளவு பிடியின் கடைசிவரை போகாது. பின்முனையில் திடமான மரம் இருக்கும், துளை அங்கேதான் விழ வேண்டும். முதலில் அலகை மூடி, பிடியின் தலையில் அலகைப் பூட்டும் உலோக வளையத்தைத் திருப்பிப் பூட்டிக்கொள். பிளவு எங்கே முடிகிறது என்று பார்த்து, அதற்கும் பின்முனைக்கும் நடுவில் பென்சிலால் குறி வை. இரண்டு பக்கமும் மரக்கட்டை வைத்து வைஸில் லேசாகப் பிடித்து, 2 மி.மீ. பிட்டால் முதலில் போட்டு, பிறகு 4 மி.மீ. பிட்டால் பெரிதாக்கு. பிட் வெளியே வரும் பக்கத்தில் ஒரு சக்கை மரத்தை அணைத்து வைத்தால் விளிம்பு சிதறாது. முடிந்ததும் துளையின் இரு வாயையும் உப்புத்தாளால் மழுக்கு. இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கூர்மையான விளிம்பு கயிற்றைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். கடைசியில் துளைக்கு இரண்டு சொட்டு எண்ணெய்.

3 மி.மீ. துளைக்கு: பாராகார்டின் உள் இழைகளை உருவிவிட்டால் உறை மட்டும் தட்டையாக நிற்கும், அது நுழைந்துவிடும். பலம் குறையும். ஆனால் கருவேலன் சொன்ன மாதிரி, பேனாக்கத்திக்கு அந்த உறையே தாராளம். உருவப் பிடிக்கவில்லை என்றால் 275 என்று விற்கும் மெல்லிய கயிறு வாங்கு, 2.4 மி.மீ. வரும். ஒரு மெல்லிய செம்புக் கம்பியை மடித்துத் துளைக்குள் விட்டு, கயிற்றின் முனையை அந்த மடிப்பில் மாட்டி இழுத்தால் வந்துவிடும். முனையை லேசாகச் சூடுகாட்டிக் கூராக்கிக்கொள். சூடான நைலானை வெறும் விரலால் உருட்டாதே. உருகிய நைலான் 200 டிகிரிக்கு மேல் இருக்கும், தோலில் ஒட்டிக்கொண்டு எரிக்கும். கரண்டியின் முதுகால் அழுத்து.

இப்போது முடிச்சுக்கு வருகிறேன். இங்கே எல்லோரும் பின்னலைப் பற்றியே பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் முடிச்சுதான் முக்கியம். பாய்மரக் கப்பல் காலத்தில் மாலுமிகள் பாய்மரத்தின் மேல் ஏறி வேலை செய்தார்கள். கத்தி கை நழுவினால் கீழே நிற்பவன் தலையில் விழும், இல்லையென்றால் கடலுக்குள் போகும். அதனால்தான் கத்திக்குக் கயிறு. பிரிட்டிஷ் கடற்படை மாலுமியின் சீருடையில் அலங்காரமாக நிற்கும் அந்த வெள்ளைக் கயிறு, முன்பு கத்தியைக் கட்டி வைத்திருந்த கயிறுதான். அந்தக் கயிற்றுக்கென்றே வந்த முடிச்சுதான் டைமண்ட் முடிச்சு. கத்திக் கயிற்று முடிச்சு என்றே இன்றும் அழைப்பார்கள்.

போடும் விதம்: கயிற்றை நடுவில் மடித்து, இரண்டு முனையையும் கொண்டு ஒரு தளர்வான கேரிக் முடிச்சு போடு. ஒரு முனையால் மேஜை மேல் வட்டம் போட்டு, மற்ற முனையை அந்த வட்டத்தின் வழியே மேல், கீழ், மேல், கீழ் என்று நெய்வதுதான் கேரிக். எங்கேயும் அடுத்தடுத்து இரண்டு முறை மேலாகவோ கீழாகவோ போகக் கூடாது. சரியாக வந்திருந்தால் பாய் நெசவு மாதிரி நடுவில் ஒரு சதுரத் துளை தெரியும். கண்ணியின் (நடுவில் மடித்த வளைவின்) இரண்டு கால்கள் எதிரெதிர்ப் பக்கமும், இரண்டு முனைகள் எதிரெதிர்ப் பக்கமும் நிற்கும். இனி ஒவ்வொரு முனையையும் எடுத்து, அடுத்துள்ள கண்ணியின் காலைத் தாண்டி வெளிப்புறமாகச் சுற்றி, அடியிலிருந்து அந்த நடுத்துளை வழியே மேலே இழு. இரண்டு முனையும் ஒரே சுழற்சித் திசையில்தான் போக வேண்டும். ஒன்று வலமாகவும் மற்றது இடமாகவும் போனால் முடிச்சு உருண்டு வராது.

பிறகு கண்ணியை ஒரு பக்கமும் இரு முனைகளையும் எதிர்ப்பக்கமும் பிடித்து மெல்ல இழு.

பட்டறை

ஐயா சொல்வது எல்லாம் சரி. ஆனால் ஒரு விஷயத்தை யாரும் பேசவில்லை. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நான் லேத் பட்டறையில் இருப்பவன். எங்கள் பக்கம் மணிக்கட்டில் கயிறு, கழுத்தில் கயிறு, தொளதொளச் சட்டை, எதற்குமே அனுமதி இல்லைங்க. சுழலும் சக்கில் (வேலைப்பொருளைக் கவ்விச் சுற்றும் பகுதி) ஒரு நூல் மாட்டினால் போதும், கையை இழுத்துக்கொண்டு போய்விடும். மோட்டாரை நிறுத்தக்கூட நேரம் கிடைக்காது. கத்தியைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் கயிறைப் பலர் படம் போட்டுக் காட்டுகிறார்கள். அதில் 250 கிலோ தாங்கும் கயிறு என்றால் என்ன அர்த்தம்? எங்காவது மாட்டினால் கழுத்துதான் முதலில் போகும், கயிறு போகாது.

அதனால் என் கட்சி இது. பட்டறை, மாவு மில், டிராக்டர் பி.டி.ஓ. (மற்ற கருவிகளை ஓட்டும் சுழல்தண்டு), போர்வெல் மெஷின், இப்படிச் சுற்றுகிற எதன் அருகிலும் வேலை செய்கிறவர் கத்திக்குக் கயிறே போட வேண்டாம். போட்டால் பைக்குள் முழுசாக அடங்கும் நீளம் மட்டும். வெளியே வாலாகத் தொங்கக் கூடாது. கழுத்தில் போட்டே ஆக வேண்டும் என்றால், இழுத்தால் தானே விடுபடும் பிளாஸ்டிக் பூட்டு வைத்த பட்டை. அலுவலக அடையாள அட்டைக்குக் கொடுக்கிறார்களே, பின்கழுத்தில் விடுபடுமே, அது.

பனையடி

பட்டறை அண்ணன் சொன்னதை நான் வேறு பக்கத்திலிருந்து ஆமோதிக்கிறேன். எங்கள் ஊரில் பனை ஏறுகிறவர்கள் உயரத்தில் நின்று பாளை சீவுகிறவர்கள். கை நழுவினால் ஆபத்து கப்பலில் இருப்பதைப் போலத்தான். ஆனால் பாளை அரிவாளை யாரும் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவதில்லை. இடுப்பில் கட்டிய அரிவாள் பெட்டிக்குள்தான் வைப்பார்கள். கூர் தீட்டிய அலகு கயிற்றில் ஊசலாடினால் ஏறுகிறவர் தொடையைத்தான் முதலில் வெட்டும்.

ஆக, மடங்கிப் பூட்டும் கத்திக்குக் கயிறு சரி, மடங்காத அலகுக்கு உறைதான் சரி. இதைப் பொது விதியாக வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

கப்பலோசை

பனையடி, அந்த வித்தியாசம் முக்கியமானது. மாலுமியின் கத்தியும் மடக்குக் கத்திதான். வேலை முடிந்ததும் மடக்கிப் பையில் போட்டுவிடுவான், கயிற்றின் மறுமுனை இடுப்பிலோ கழுத்திலோ இருக்கும். திறந்த அலகைத் தொங்கவிடுவது எங்கேயும் பழக்கம் இல்லை.

பட்டறைத் தம்பிக்கு: கப்பலிலும் வின்ச் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் இயந்திரம்) அருகில் போகும்போது மணிக்கட்டுக் கண்ணியைக் கழற்றிவிட வேண்டும் என்பதுதான் நடைமுறை. ஆனால் உயரத்தில் ஏறினால் கைக்கருவி எல்லாவற்றையும் கட்டித்தான் ஆக வேண்டும், ஸ்பேனர் உட்பட. கயிறு வேண்டுமா வேண்டாமா என்பதை நிற்கிற இடம் முடிவு செய்யும். ஒரேயடியாக வேண்டாம் என்று சொன்னால் கீழே நிற்பவனை மறந்துவிடுகிறோம்.

பட்டறை

உயரத்தில் கட்ட வேண்டும் என்பதை ஒத்துக்கொள்கிறேன் ஐயா. தரையில் நிற்கிறவர்களைப் பற்றித்தான் என் பயம். இங்கே படிக்கிறவர்களில் பலர் தரையில்தான் நிற்பார்கள்.

கூடைப்பின்னல்

வணக்கம். நான் கத்தி சேகரிப்பவள் இல்லை, ஒயர் கூடை போடுகிறவள். பின்னல் பற்றிய உரையாடல் என்று உள்ளே வந்தேன். படித்தால் பாதி எங்கள் வேலையாகவே இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இரண்டு நிற ஒயரை வைத்துச் சதுரமாக ஒரு சாவிக்கொத்து போடுவார்களே, ஞாபகம் இருக்கிறதா? கத்திக் கயிற்றுக்கு அதை ஏன் யாரும் சொல்லவில்லை? நாலு புரியையும் நாலு திசையில் வைத்து, ஒவ்வொன்றையும் பக்கத்தில் இருப்பதன் மேல் மடித்து, கடைசிப் புரியை முதல் மடிப்பின் கண்ணிக்குள் நுழைத்து இழுப்பதுதான் ஒரு அடுக்கு. எல்லா அடுக்கையும் ஒரே திசையில் போட்டால் முறுக்கிக்கொண்டே போகும் உருண்டை வரும். ஒரு அடுக்கு வலம், அடுத்த அடுக்கு இடம் என்று மாற்றிப் போட்டால் சதுரத் தூண் வரும். சதுரத்தூண் விரலில் உருளாது. ஈரக் கையாலும் பிடிக்கலாம். மீன் கழுவுகிற இடத்தில் கத்தி வைத்திருக்கிறவர்களுக்கு உருண்டையைவிடச் சதுரம்தான் உதவும் என்பது என் எண்ணம்.

ஆனால் கயிறு நிறையச் சாப்பிடும், அதையும் சொல்லிவிடுகிறேன். கருவேலன் தம்பி கொடுத்த அரை மீட்டர் இதற்குக் காணாது. ஒரு மீட்டருக்குக் குறையாமல் எடுங்கள். மிஞ்சினால் வெட்டிக்கொள்ளலாம், குறைந்தால் ஒட்டுப்போட முடியாது.

இன்னொரு விஷயம், முனையை நெருப்பில் காட்டுவது. கூடையில் நாங்கள் நெருப்பே வைப்பதில்லை. மிச்ச ஒயரைப் பின்னலுக்குள்ளேயே திரும்பச் செருகி, வெளியே நீட்டுவதை ஒட்ட நறுக்குவோம். வருடக்கணக்கில் பாரம் தூக்கினாலும் கழன்று வராது. நைலான் கயிற்றிலும் அதையே செய்யலாம். கோணூசியில் புரியைக் கோர்த்து, மூன்று நாலு கண்ணி தூரம் பின்னலுக்குள் கொண்டுபோய் இழுத்து வெட்டினால் போதும். உருக்கிய முனை கறுத்துக் கெட்டியாகி, கையிலும் துணியிலும் உரசிக்கொண்டே இருக்கும். எனக்கு அது பிடிப்பதில்லை.

நீலக்கயிறு

அக்கா, சதுரப் பின்னல் யோசனை பிரமாதம். பாராகார்டில் போட்டால் ரொம்பத் தடிக்கும், 2 மி.மீ. கயிற்றில் அழகாக வரும்.

உருக்குவதில் மட்டும் ஒரு திருத்தம். கறுப்பாக ஆவது தீ அதிகமாகப் பட்டதால். லைட்டரின் நீலப் பகுதிக்குப் பக்கத்தில் காட்டினால் போதும், தீக்குள் விடக் கூடாது. அதற்கு முன் உள் இழையை ஒரு செ.மீ. வெளியே இழுத்து வெட்டிவிட்டு, உறையை முன்னால் தள்ளிக்கொள்ளுங்கள். உறை மட்டும் உருகி மூடிக்கொள்ளும், மேலே வழவழப்பாக நிற்கும். கோப்ரா பின்னலுக்கு முனையைச் செருகவும் செய்யலாம். ஆனால் பின்னல் இறுக்கமாக இருப்பதால் கடைசிக் கண்ணிகளை முதலிலேயே கொஞ்சம் தளர்த்தி வைத்துக்கொள்ள வேண்டும்.

கருவேலன், 550 பற்றி நான் மாறவில்லை. பேன்ட் பைக்கு உங்கள் முறை, மலையேற்றப் பைக்கு என் முறை. கோப்ராவைப் பற்றி இன்னொன்றும் சேர்த்துவிடுகிறேன். அரைமுடிச்சை இடம் வலம் மாற்றிப் போட்டால் தட்டையாக வரும், ஒரே பக்கமாகவே போட்டால் தானாகச் சுருண்டு வரும். அந்தச் சுருள் கோப்ரா கொஞ்சம் மெலிதாகவும் இருக்கும்.

சிறுமலை

ஓபினெலுக்குத் துளை போட்டாயிற்று, பிளக்கவில்லை. நன்றி ஐயா.

கயிறு வாங்கக் கடைக்குப் போனால் குழம்பிவிட்டேன். ஒரு கடையில் வழுவழுப்பான பிளாஸ்டிக் கயிறு, கொடி கட்டுவதற்கு விற்பது. இன்னொன்றில் மேக்ரமே செய்யும் பருத்தி நூல். மீன்பிடிச் சாமான் கடையில் முறுக்கிய நைலான். ஆன்லைனில் பாராகார்டு என்ற பெயரில் பாலியெஸ்டர். எதை எடுப்பது?

கருவேலன்

பிளாஸ்டிக் கயிறு வேண்டவே வேண்டாம். அது பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன். வழுக்கும், வளையாது, முடிச்சு தானாகவே தளரும். 165 டிகிரியிலேயே உருகிவிடும் என்பதால் முனையைச் சூடுகாட்டுவதும் சிரமம்.

முறுக்குக் கயிறு மீனவர்களுக்கு நல்லது, பின்னலுக்கு ஆகாது. வெட்டியவுடன் புரி பிரிந்து ஓடும், பின்னும்போது முறுக்கும் சேர்ந்து திரும்பும். பின்னலுக்கு, ஏற்கெனவே பின்னிய உறையுள்ள கயிறுதான் வேண்டும்.

மிச்சம் இருப்பது பருத்தி, நைலான், பாலியெஸ்டர். பருத்தி கைக்கு இதமானது. முடிச்சு அதில் நிற்பது போல் வேறு எதிலும் நிற்காது. ஆனால் வியர்வை குடிக்கும், நம் ஊர் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். தேன்மெழுகு தடவினால் கொஞ்சம் தாங்கும். வீட்டிலேயே இருக்கும் கத்திக்குப் பருத்தியை நான் சந்தோஷமாகப் போடுவேன். நைலான் இழுபடும், நனைந்தால் தண்ணீர் உறிஞ்சும். பாலியெஸ்டர் அவ்வளவு இழுபடாது, தண்ணீரும் குறைவாகவே குடிக்கும், வெயிலிலும் நைலானைவிட அதிக நாள் தாங்கும். பேனாக்கத்திக்கு இரண்டில் எதுவானாலும் சரி. தொட்டுப் பார்த்து மெத்தென்று இருப்பதை எடுங்கள்.

நைலான் எடுத்தால் பின்னுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. சூடான தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, நிழலில் முழுசாகக் காயவிடுங்கள். புது நைலான் கயிறு முதல் நனைப்பில் சுருங்கும். சுருக்கத்தை முன்னாலேயே எடுத்துவிட்டால் பின்னல் பிறகு கோணாது. துளைக்குள் நெருக்கமாகக் கோர்க்கும் கயிறாக இருந்தால் இது ரொம்ப முக்கியம்.

அப்புறம் பித்தளை மணி. கோர்த்தால் அழகுதான், எனக்கும் பிடிக்கும். ஆனால் போன் இருக்கும் பையிலேயே கத்தியையும் போடுகிறவர்கள் மரமணி போடுங்கள். பித்தளை கண்ணாடியில் தட்டிக்கொண்டே இருக்கும்.

பனையடி

நிறம் பற்றியும் ஒரு வார்த்தை. கறுப்பும் ஆலிவ் பச்சையும்தான் எல்லோரும் வாங்குகிறார்கள். சருகில் விழுந்தால் அந்த இரண்டும் கண்ணுக்கே தெரியாது. கருவேலன் இரண்டாவதாகச் சொன்ன காரணத்துக்கு ஆரஞ்சு அல்லது மஞ்சள்தான் பொருந்தும். ஒரு புரியாவது அந்த நிறத்தில் இருக்கட்டும். சிவப்பு வேண்டாம், செம்மண் தரையில் மறைந்துவிடும்.

சிறுமலை

பாலியெஸ்டர் 2 மி.மீ., ஆரஞ்சும் சாம்பலும் வாங்கினேன். பின்னல் நேராக வருகிறது. ஆனால் முனையில் நாலு புரி இருக்கிறதே, ஐயா சொன்ன டைமண்ட் முடிச்சு இரண்டு முனைக்குத்தானே? நாலுக்கு என்ன போடுவது? சும்மா நாலையும் சேர்த்து ஒரே முடிச்சாகப் போட்டுப் பார்த்தேன், ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது.

கப்பலோசை

நாலு புரிக்கு மேன்ரோப் முடிச்சு போடு. கப்பல் ஏணியின் பக்கக் கயிற்று முனையில் கைப்பிடிக்காகப் போடுவது அது. கூடைப்பின்னல் அம்மா சொன்ன அடுக்கு தெரிந்துவிட்டால் பாதி வந்துவிட்டது.

பின்னலைத் தலைகீழாக, புரிகள் மேல்நோக்கி இருக்கும்படி இடது கையில் பிடி. நூலால் பின்னலின் கழுத்தை இறுக்கிக் கட்டிவிடு, இல்லையென்றால் பின்னல் அவிழ்ந்துகொண்டே போகும். முதல் சுற்று: ஒவ்வொரு புரியையும் பக்கத்துப் புரிக்கு அடியில் கொண்டுபோய் மேலே எடு. நாலாவது புரி, முதல் புரி விட்ட கண்ணி வழியாக மேலே வரும். இது வால் (wall) முடிச்சு, தொங்கும் வால் இல்லை. இரண்டாவது சுற்று: அதே திசையில், ஒவ்வொரு புரியையும் பக்கத்துப் புரியின் மேல் மடித்து அம்மா சொன்ன அடுக்கைப் போடு. இது கிரவுன். இரண்டையும் தளர்வாகவே விடு. மூன்றாவது சுற்றில் ஒவ்வொரு புரியும் தன் முன்னால் ஓடும் புரியின் பக்கத்திலேயே, அதே வழியில், இரண்டாம் தடமாக ஓட வேண்டும், முதலில் வால் முடிச்சிலும் பிறகு கிரவுனிலும். கடைசியில் முனைகள் நாலும் முடிச்சின் அடியில், கழுத்துப் பக்கம் வெளியே வரும். அங்கேயே ஒட்ட வெட்டிவிடலாம். நெருப்பு வைக்க வேண்டிய தேவையே இல்லை.

முறை தெரிந்தவர்கள்கூட இறுக்கும்போதுதான் கெடுத்துவிடுகிறார்கள். முனையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுக்காதே. கழுத்தில் தொடங்கி, ஒரு புரியின் தளர்வை அடுத்த வளைவுக்குத் தள்ளி, அதிலிருந்து அடுத்ததற்குத் தள்ளி, முனைவரை கொண்டுபோ. கோணூசியின் மழுங்கிய பக்கத்தால் நெம்பினால் விரல் வலிக்காது. நாலு புரிக்கும் ஒரு சுற்று இப்படிச் செய்தபின், மறுபடி கழுத்திலிருந்து இன்னொரு சுற்று. மூன்றாவது சுற்றில் முடிச்சு உருண்டையாகி நிமிர்ந்து நிற்கும். இன்னும் சாய்ந்திருந்தால், எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கத்துப் புரியில் தளர்வு மிஞ்சியிருக்கிறது என்று பொருள். அதை மட்டும் தேடி எடு, முழுசாகப் பிரிக்க வேண்டாம்.